ஏழு வீடும் ஒரு ஜன்னலும்

குளத்தூரில் என் சிறுவயதில் யாரும் பூனை வளர்த்ததாகச் சொன்னதில்லை. மாடு வளர்த்தார்கள், ஆடு வளர்த்தார்கள், கோழி அடைத்தார்கள். பூனை இருந்தது, அவ்வளவுதான். அதை யாரும் வாங்கியதுமில்லை, விற்றதுமில்லை. எந்த வீட்டுப் பூனை என்று கேட்டால் தெருவின் பெயரைச் சொல்வார்கள். ஈன்ற பூனை குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு ஏழு வீடு மாற்றும் என்பது ஊர்ப் பேச்சு. அந்த ஏழு வீட்டிலும் அதற்குக் கதவு திறந்திருந்தது. திறக்காத வீட்டில் ஓட்டு இடுக்கு இருந்தது.

இன்று சென்னையில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில், எங்கள் வீட்டில் ஒரு பூனை வளர்கிறது. அதற்குப் பெயர் உண்டு, தடுப்பூசி அட்டை உண்டு, வேளைக்கு உணவு உண்டு. வீட்டின் பரப்பு 700 சதுர அடி. ஊர்க் கணக்கில் ஒன்றரைச் சென்ட்டுக்குச் சற்று மேல். பால்கனியில் வலை, ஜன்னலில் கம்பி. அந்தப் பூனைக்கும் இந்தப் பூனைக்கும் நடுவே நாற்பது ஆண்டு. இரண்டுக்கும் ஒரே கண், ஒரே நகம், ஒரே பதுங்கல். சுற்றியிருந்த வீடுதான் மாறிவிட்டது.

விளாத்திகுளம் வட்டத்தில், தூத்துக்குடியிலிருந்து இராமநாதபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது குளத்தூர். மேற்கே கோவில்பட்டி வரைக்கும் அதற்கு அப்பாலும் கரிசல். கிழக்கே கொஞ்சம் போனால் கடல். மழையை நம்பிய மானாவாரி நிலம். புரட்டாசியில் விதைத்து, தை மாசியில் அறுப்பார்கள். கம்பும் சோளமும் களத்திலிருந்து நேரே வீட்டுக்கு வரும். வீட்டின் இருட்டறையில் மண்ணால் செய்த குலுக்கை ஆள் உயரத்துக்கு நிற்கும். மேல்வாயில் தானியத்தைக் கொட்டுவார்கள். அடியில் உள்ள துளை வழியே வேண்டும்போது எடுத்துக்கொண்டு, துளையைத் துணியால் அடைத்துவிடுவார்கள். அடுத்த அறுப்பு வரை குடும்பம் உண்ண வேண்டியது அதற்குள் இருந்தது. குலுக்கை இருந்ததால் எலி வந்தது. எலி வந்ததால் பூனைக்குச் சோலி இருந்தது.

சோலி என்பது எங்கள் பக்கத்தில் வேலைக்குச் சொல்லும் சொல். அந்தப் பூனைக்கு நாள் முழுதும் சோலி. விடியும் முன்னே கூரை ஓட்டின் மேல் ஒரு சுற்று. வெயில் ஏறியதும் அடுப்படியில், தணிந்த சாம்பலின் சூட்டில் தூக்கம். பொழுது சாயும் நேரத்தில் சோளத்தட்டைப் படப்பின் அடியில் காவல். படப்புக்குள் ஏதோ சரசரக்கும். பூனை காதை மட்டும் திருப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஒரு நாழிகைகூட அப்படியே இருக்கும். பாய்ந்தால் பெரும்பாலும் இரை தப்பிவிடும். பூனை உடம்பை ஒருமுறை நக்கிவிட்டு மறுபடியும் போய் உட்காரும். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது அந்த வெடிப்புகளே எலிக்கு வழியாகும். பூனை ஒவ்வொரு வெடிப்பாக முகர்ந்துகொண்டு களத்தைச் சுற்றும். மழை பெய்து வெடிப்பு மூடியதும் அதன் வழித்தடமும் மாறும். பருவந்தோறும் புதிய நிலம், புதிய மணம்.

வீட்டுக்குள்ளே உறி இருந்தது. பாலும் தயிரும் மீன் சட்டியும் உத்திரத்திலிருந்து கயிற்றில் தொங்கின. உறி என்பதே பூனைக்கு எதிராக மனிதன் போட்ட கணக்கு. பூனையும் அந்தக் கணக்கை விடாமல் போட்டுப் பார்த்தது. குலுக்கையின் தலையில் ஏறும், அங்கிருந்து உத்திரத்துக்குத் தாவும், உத்திரத்தில் நின்று கயிற்றைக் காலால் தொட்டு ஆட்டிப் பார்க்கும். ஆச்சி விளக்குமாற்றை எடுத்ததும் ஓட்டு இடுக்கு வழியாக மதிலுக்குப் போய்விடும். அதை ஏமாற்றுவதற்காக எங்கள் வீடு கட்டி வைத்திருந்த ஒவ்வொரு தடையும் அதன் மூளைக்கு ஒரு பயிற்சியாக இருந்தது. இது அன்று எங்கள் யாருக்கும் தெரியாது.

அந்தக் காலத்தை இனிப்பாக மட்டும் நினைத்துக்கொண்டால் பொய்யாகும். கண் திறக்காத குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கண்மாய்க்கு அப்பால் விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. எலிக்கு வைத்த மருந்தைத் தின்ற எலியைத் தின்று செத்த பூனைகள் உண்டு. நாய் கடித்தால் மருத்துவம் கிடையாது. வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. அத்தனை குட்டிகளில் வளர்ந்து ஆளானவை ஒன்றிரண்டு. ஐந்தாறு வயதைத் தாண்டிய பூனையை நான் அங்கே பார்த்த நினைவில்லை. அது சுதந்திரமாக வாழ்ந்தது; கொஞ்ச காலமே வாழ்ந்தது.

குலுக்கை எப்போது காலியானது என்று யாராலும் ஒரு தேதி சொல்ல முடியாது. ஆனால் சில தேதிகள் உண்டு. 2008 செப்டம்பரில் தமிழக ரேஷன் கடைகளில் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூன் 1 முதல் அதுவும் விலையில்லா அரிசியாக, மாதம் 20 கிலோ வரை கிடைத்தது. வருடத்துக்குச் சேர்த்துவைத்த வீடு மாதத்துக்கு வாங்கிவைக்கும் வீடாகியது. வயலிலும் பயிர் மாறியது. கம்பும் சோளமும் நின்ற கரிசலில் மக்காச்சோளம் பரவியது. அது பெரும்பாலும் கோழித்தீவனத்துக்குப் போகிற தானியம். களத்திலேயே எடை போட்டு லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். வீட்டு வாசலை அது மிதிப்பதேயில்லை.

வீடும் மாறியது. 2010-இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. 2011-இல் 300 சதுர அடிப் பசுமை வீடு வந்தது. வெளியூரில் சம்பாதித்தவர்கள் மண்சுவரை இடித்து மாடி கட்டினார்கள். ஓட்டு இடுக்கு மறைந்தது. உறி இருந்த இடத்துக்குக் குளிர்சாதனப் பெட்டி வந்தது. விறகடுப்பு இருந்த இடத்துக்கு எரிவாயு அடுப்பு வந்தது. அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால் அந்த வீட்டில் உலை ஏறவில்லை என்று அன்று பொருள். இன்று உலை ஏறாத வீடு குறைந்துவிட்டது. அது பெரிய நன்மை. பூனை தன் கதகதப்பைத் தேடி இப்போது தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள செட்டாப் பாக்ஸின் மேல் படுக்கிறது.

பூனைக்கும் நமக்கும் உள்ள உறவே தானியத்தில் தொடங்கியது என்பார்கள் ஆராய்ச்சியாளர்கள். உழவர்கள் தானியம் சேர்த்துவைக்கத் தொடங்கிய காலத்தில், எலியைத் தேடிக் குடியிருப்புக்கு வந்த காட்டுப்பூனையே நம் வீட்டுப் பூனையின் மூதாதை. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுக்கு முந்தைய புதைகுழியில் ஒரு மனிதனுக்கு அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைப் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் 2004-இல் அறிவித்தார்கள். அத்தனை ஆயிரம் ஆண்டு நீடித்த ஓர் ஒப்பந்தம், எங்கள் ஊரில் ஒரு தலைமுறைக்குள் காலாவதியானது. தானியம் வீட்டை விட்டுப் போனது. பூனை மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

நகரத்தில் அதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள நல்ல காரணங்கள் உண்டு. சாலை, தெருநாய், எலி மருந்து, தொற்றுநோய் எல்லாம் கதவுக்கு வெளியே இருக்கின்றன. வெளியே போகும் பூனை பறவைகளையும் ஓணான்களையும் கொல்கிறது. உள்ளே வளரும் பூனை 15 வயதைக் கடப்பது இன்று அரிதன்று. அன்றைய பூனைக்குக் கிடைத்த ஆயுளைப்போல இரண்டு மூன்று மடங்கு இது.

ஆனால் நிலக்கணக்கையும் பார்க்க வேண்டும். ஆறு நாடுகளில் 900-க்கும் மேற்பட்ட வளர்ப்புப் பூனைகளின் கழுத்தில் ஜிபிஎஸ் கருவி கட்டி நடத்திய ஆய்வு 2020-இல் வெளிவந்தது. வெளியே போய்வரும் பூனையின் உலாப் பரப்பு சராசரியாக 3.6 ஹெக்டேர் என்று அது கண்டது. நம் கணக்கில் ஏறத்தாழ 9 ஏக்கர். 900 சென்ட்டில் நடந்த விலங்கு இப்போது ஒன்றரைச் சென்ட்டில் நடக்கிறது. இரையைத் தேடி உண்ணும் பூனை நாளில் பத்துப் பன்னிரண்டு சிறு வேட்டைகளாவது முடித்தால்தான் அதன் வயிறு நிறையும். வீட்டுப் பூனைக்குக் காலையும் மாலையும் கிண்ணம் நிறைகிறது. ஐந்து நிமிடத்தில் அன்றைய சோலி முடிந்துவிடுகிறது. மீதி நேரமெல்லாம் ஜன்னல்.

எங்கள் பூனை அந்த ஜன்னலில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தது. பிறகு வயிற்றை நக்கத் தொடங்கியது. நக்கி நக்கி உரோமம் போய்த் தோல் தெரிந்தது. இரவு மூன்று மணிக்குக் கத்திக்கொண்டு அறைக்கு அறை ஓடியது. போகிற காலைப் பாய்ந்து கடித்தது. சேட்டை என்று அதட்டினோம். மருத்துவர் தோலையும் இரத்தத்தையும் பார்த்துவிட்டு, நோய் எதுவும் இல்லை என்றார்.

அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து அம்மா வந்து தங்கியிருந்தாள். நாலு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "அதுக்கு ஒண்ணும் இல்லய்யா. சோலி இல்ல. சோலி இல்லாத உசுரு தன்னத்தானே பிறாண்டும்."

அம்மா படிக்காமல் சொன்னதைப் படித்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழுவினர், காரணம் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சியால் துன்பப்பட்ட 46 வீட்டுப் பூனைகளை எடுத்துக்கொண்டார்கள். ஏறி உட்கார உயரமான இடம், ஒளிந்துகொள்ள மறைவு, வேட்டைபோல விளையாட்டு என்று வீட்டுச் சூழலை மாற்றச் சொல்லி, பத்து மாதம் கவனித்தார்கள். சிறுநீர்த் தொல்லை வெகுவாகக் குறைந்தது; அச்சமும் பதற்றமும்கூடக் குறைந்தன. 2006-இல் அதை வெளியிட்டார்கள். 2013-இல் பூனை மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்புகள் சேர்ந்து, வீட்டுப் பூனைக்குத் தேவையானவை ஐந்து என்று வகுத்தன: பாதுகாப்பான ஒதுக்கிடம், தனித்தனியே வைத்த உணவும் நீரும் கழிப்பிடமும், வேட்டையாடி விளையாட வாய்ப்பு, மனிதரோடு மாறாத அன்பான பழக்கம், அதன் மோப்பத்தை மதிக்கும் வீடு. அந்தப் பட்டியலைப் படித்தபோது ஆச்சி வீட்டின் வரைபடம் எனக்குக் கண்ணில் தெரிந்தது.

அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பனையோலைக் கொட்டானில் பழந்துணியைச் சுருட்டித் திணித்து, அதற்குள் பூனையின் உணவுத் துணுக்குகளைப் போட்டுவைத்தாள். பூனை முகர்ந்தது, கொட்டானைத் தட்டிக் கவிழ்த்தது, துணியை ஒவ்வொன்றாக இழுத்தது. ஐந்து நிமிட உணவு அரைமணி நேரச் சோலியானது. உணவை ஒளித்துவைக்கும் புதிர்க் கிண்ணங்கள் இன்று கடையில் விற்கின்றன. முட்டை அட்டையும் கொட்டாங்குச்சியும் அதே வேலையைச் செய்கின்றன. அன்று பூனைக்கு எட்டக்கூடாது என்று உறி கட்டினோம். இன்று பூனை முயன்று எட்ட வேண்டும் என்று புதிர் வைக்கிறோம். எல்லா உணவையும் அப்படி ஒளிக்கக்கூடாது. கலிஃபோர்னியாவில் 17 பூனைகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், புதிரும் திறந்த தட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது பெரும்பாலானவை திறந்த தட்டையே நாடின. பாதியைத் தட்டிலும் பாதியைத் தேடலிலும் வைப்பது நல்லது.

படப்பு இருந்த இடத்துக்கு அட்டைப் பெட்டி வந்தது. நெதர்லாந்தின் ஒரு விலங்குக் காப்பகத்தில், புதிதாக வந்த 19 பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை விரைவில் அமைதியடைந்தன என்று 2014-இல் எழுதினார்கள். மதில் இருந்த இடத்துக்கு, அலமாரியின் தலையில் விரித்த போர்வையும் சுவரில் அடித்த இரண்டு பலகையும் வந்தன. வேப்பமரத்தில் நகம் தீட்டியதற்குப் பதிலாக, கயிறு இறுகச் சுற்றிய ஒரு கட்டை. சாக்கு சுற்றினாலும் போதும்.

வேட்டைக்கு ஒரு குச்சியும் அதன் நுனியில் கட்டிய துணியும் போதுமானதாக இருந்தது. கடையில் விற்கும் லேசர் விளக்கைவிட அது நல்லது. ஒளிப்புள்ளியைப் பூனையால் ஒருநாளும் பிடிக்க முடியாது, பிடிக்காத வேட்டை அதற்கு ஏக்கத்தையே கொடுக்கும். துணியைக் கட்டிலுக்கு அடியில் மெல்ல இழுக்க வேண்டும், நிறுத்த வேண்டும், மறைக்க வேண்டும், கடைசியில் பிடிக்கவிட வேண்டும். பிடித்ததும் உணவு வைத்தால், தின்று, உடம்பை நக்கி, தூங்கிவிடும். படப்படியில் நான் பார்த்த வரிசை அதுதான். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தினர் 355 பூனைகளை ஆராய்ந்து 2021-இல் சொன்ன செய்தி இது: நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் இப்படி விளையாடினால், வெளியே போகும் பூனைகள் கொன்று கொண்டுவரும் இரை நான்கில் ஒரு பங்கு குறைகிறது. அந்த அளவுக்கு விளையாட்டு வேட்டையின் இடத்தை நிரப்புகிறது. விளையாடி முடிந்ததும் குச்சியை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். விழுங்கிய நூலும் ரப்பர் வளையமும் குடலில் சிக்கிப் பூனைகள் இறந்திருக்கின்றன.

மணத்துக்கு அம்மாவிடம் ஒரு பழைய வழி இருந்தது. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு. கரிசல் காட்டில் களையாக முளைப்பது; சென்னையின் நடைபாதை ஓரத்திலும் முளைக்கிறது. அதை வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை வந்து அந்த வேரில் முகத்தைத் தேய்த்துப் புரளும். வெளிநாட்டிலிருந்து வரும் கேட்னிப் என்ற பொடியைப் பொட்டலமாக விற்கிறார்கள். அதற்கு மூன்றில் இரண்டு பூனைகளே மயங்கும். எங்கள் பூனை பூனைவணங்கிக்கு மயங்கியது. வேரை முகரக் கொடுத்துச் சில நிமிடத்தில் எடுத்துவிடுவாள் அம்மா, தின்னவிடமாட்டாள்.

உணவில் மட்டும் ஊர் வழக்கம் உதவாது. அன்றைய பூனை கஞ்சியும் மோர்ச்சோறும் தின்று பிழைத்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அது எலியைத் தின்று பிழைத்தது, கஞ்சி துணைக்கு. இறைச்சியில் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காத பூனைக்கு இதயம் வீங்கிப் பழுதாகும் என்பது 1987-இல் தெரியவந்தது. வீட்டுக்குள் அடைத்த பூனைக்குத் தயிர்ச்சோறு மட்டும் போடுவது, எலியையும் பறித்துக்கொண்டு சத்தையும் பறித்துக்கொள்வதாகும்.

ஒரே ஒரு பொருள் மட்டும் மாறாமல் தொடர்வதை நான் தாமதமாகத்தான் அறிந்தேன். 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகனில், பூனையின் கழிப்பெட்டிக்கு மணல் கேட்டு வந்த அண்டை வீட்டுப் பெண்ணுக்கு எட்வர்ட் லோ என்பவர் உறிஞ்சு களிமண்ணைக் கொடுத்தார். பூனை மணல் விற்பனை அங்கிருந்து தொடங்கியது. இப்போது கட்டியாகத் திரளும் மணலில் இருப்பது பென்டோனைட். அதன் முதன்மையான கனிமம் மாண்ட்மோரிலோனைட். மழையில் ஊதி, கோடையில் பிளந்து, நடந்தால் காலில் அப்பிக்கொள்ளும் எங்கள் கரிசல் மண்ணின் குணத்துக்குக் காரணமும் அந்தக் கனிம இனமே. மூன்றாம் மாடியில் எங்கள் பூனை அந்தத் தட்டில் இறங்கி நிதானமாகக் குழி தோண்டும்போது, ஆச்சி வீட்டுக் கொல்லையில் தோண்டிய பூனையின் முன்னங்கால் எனக்கு நினைவுக்கு வருகிறது.

சென்ற பொங்கலுக்குக் குளத்தூர் போயிருந்தேன். எங்கள் தெருவிலும் இப்போது பூனை வளர்க்கிறார்கள். கம்பிக் கதவு போட்ட ஒரு மாடி வீட்டின் ஜன்னலில், கழுத்தில் பட்டை கட்டிய வெள்ளைப் பூனை ஒன்று உட்கார்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சாலைக்கு அதை விடாதிருப்பது சரி. பக்கத்தில் காலிமனையாகக் கிடந்த எங்கள் பழைய வீட்டில், உடைந்த குலுக்கையின் அடிவட்டம் மட்டும் மண்ணோடு மண்ணாகத் தெரிந்தது.

எங்கள் பூனையின் வயிற்றில் உரோமம் திரும்ப வளர நான்கு மாதம் ஆனது. அம்மா ஊருக்குப் போய்விட்டாள். கொட்டான் இங்கேயே இருக்கிறது. பூனையிடமிருந்து நாம் எலியையும் படப்பையும் ஏழு வீட்டையும் எடுத்துக்கொண்டோம். பதிலுக்குப் பத்து ஆண்டு ஆயுள் கொடுத்தோம். அந்தப் பத்து ஆண்டை அது எதைக் கொண்டு நிரப்பும் என்பது நம் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு பூனை ஜன்னலில் உட்கார்ந்திருந்தால், இன்று பொழுது சாயும் நேரத்தில் ஒரு குச்சியில் துணியைக் கட்டுங்கள். பத்து நிமிடம் அதற்குச் சோலி கொடுங்கள்.